கண்ணாடி அறையில் ஒரு முழம் ஜாதிமல்லி

அந்த அக்காவிடம் காரணம் கேட்டு ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. காபியில் ஏன் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை என்றால், பிடிக்கவில்லை என்பார். ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வரும்போது பெண்கள் பெட்டியை விட்டுவிட்டு ஏன் கூட்டத்தில் இடிபட்டு வருகிறார் என்றால், அதுதான் பிடித்திருக்கிறது என்பார். அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் ஆராய்ச்சிக்கூடத்துக்குள் கால் வைத்துவிட்டால் ஆளே வேறு. ஒரு குடுவையில் செடி ஒரு விரற்கடை குறைவாக வளர்ந்திருந்தாலும் ஏன், எப்படி, யார் தொட்டது என்று எங்களைத் துளைத்தெடுத்துவிடுவார். எங்களுக்கு மட்டும்தான் இந்தச் சட்டமா என்று ஒருமுறை கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் சண்டைக்கு வருவார், ஏன் என்றும் சொல்லமாட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற வழியில் ஒரு சின்னத் தனியார் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. இப்போது இல்லை. அங்கே நான் ஒரு கருவிக்குக் காவல். செடியை அரைத்து வடித்த சாற்றை அதில் ஏற்றினால், மருந்துச் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்பதைக் காகிதத்தில் மலை மலையாக வரைந்து தள்ளும். சரக்கு கூடுதல் என்றால் மலை உயரம். அக்கா செடியை வளர்ப்பார், நான் அளப்பேன். அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எதற்கெடுத்தாலும் பதறுகிற சுபாவம் எனக்கு. அவரோடு வேலை பார்த்த காலத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போடாத வாரமே இல்லை என்று சொல்லலாம்.

அவரைப் பார்த்ததும் கண்ணில் படுவது தலையில் இருக்கும் ஜாதிமல்லிதான். மழை நாள், பந்த் நாள், பூ விலை கன்னாபின்னாவென்று ஏறிக்கிடக்கும் முகூர்த்த நாள் எதுவானாலும் பூ இல்லாமல் வரமாட்டார். செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாவிடம் காலையில் இரண்டு முழம் வாங்குவார். ஒன்று அங்கேயே தலைக்குப் போய்விடும். இன்னொன்று மொட்டாகவே எங்கள் வளர்ப்பறைக்கு வந்து ஆணியில் தொங்கும். செடிக் குடுவைகளை அடுக்கிவைத்திருக்கும் கண்ணாடி அறை அது. எப்போதும் குளிரூட்டி ஓடும். ஃபிரிட்ஜில் கிருமியும் அமிலமும் இருப்பதால் பூவை அங்கே வைக்கக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம் அவருக்கு. சாயங்காலம் கதவைத் திறந்தால் மொட்டெல்லாம் மலர்ந்திருக்கும். அதை மகளுக்கு எடுத்துக்கொண்டு ரயிலேறுவார்.

செடி நித்தியகல்யாணி. வாசலில் பூத்தால் அந்தப் பெயர், ஊருக்கு வெளியே பூத்தால் சுடுகாட்டுமல்லி. அதன் இலையில்தான் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்து இருக்கிறது. இருக்கிறது என்று பெயர், வண்டி வண்டியாக இலையைக் காய்ச்சினால் சிட்டிகை தேறாது. செடி அதை நமக்காகச் செய்வதில்லை என்பார் அக்கா. புழு வந்து ஒரு இலையைக் கடித்தால், கடிபட்ட இலை மற்ற பாகங்களுக்கெல்லாம் சேதி அனுப்புகிறது. அந்தச் சேதி கேட்டு ஒரு மரபணு விழித்துக்கொண்டு மற்ற மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. உடனே உள்ளே கசப்புப் பட்டறை தொடங்கிவிடும். புழுவுக்கு அது விஷம், நமக்கு மருந்து. கடிப்பவர் இல்லாத நாளில் அந்தத் தூது மரபணு தூங்கிக்கொண்டிருக்கும். அது தூங்கவே தூங்காத ஒரு செடியைச் செய்துவிட வேண்டும் என்பதுதான் அக்காவின் ஆராய்ச்சி. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் முதுகில் ஏற்றி அந்த மரபணுவை இன்னும் ஒன்று கூடுதலாகச் செடிக்குள் அனுப்பியிருந்தார். அந்தச் செடிக்குத் தூதன் என்று பெயர் வைத்தோம். எதுவும் ஏற்றாமல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்தில் வளர்வது சும்மாச் செடி.

கடிக்காமலேயே கடிபட்டதாக நம்பிக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் பதறும் செடி. கேட்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. பாவமாக இல்லையா என்று கேட்டேன். “பயந்தாத்தான்டி மருந்து வரும்” என்று சொல்லிவிட்டுக் குடுவையைத் துடைக்கப் போய்விட்டார்.

விதைக்காக ஒருமுறை மாமல்லபுரம் போனோம். உப்புக் காற்றிலும் வெறும் மணலிலும் அல்லாடும் செடியில் கசப்பு கூடுதல் என்பது அவர் கணக்கு. மீனவக் குப்பத்துக்குப் பின்னால் சுடுகாட்டு மணலில் வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் பூத்துக்கிடந்தது. நான் வேலியோடு நின்றுவிட்டேன். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து, பூ வைத்த பெண் உள்ளே போகக்கூடாது, வெளியே வந்துவிடு என்று சத்தம் போட்டார். அக்கா கைக்குட்டை நிறைய விதையோடு நிதானமாக வந்தார். “எனக்கு ஒண்ணும் ஆவாது அண்ணாத்த. நான் ஏற்கெனவே ஒரு வாட்டி உள்ள போய் வந்தவதான்” என்றார். திரும்பும் பஸ் முழுக்க நான் அவர் முகத்தைப் பார்க்கவே பயந்தேன்.

அதற்கு அர்த்தம் ஊரப்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போன அன்று தெரிந்தது. கல்பாக்கத்தில் இருந்தார் என்று அவர் கணவரைப் பற்றிச் சொன்னபோதெல்லாம், இருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொண்டிருந்தேன். சுவரில் மாலை போட்ட படம். லாரி மோதி இறந்து மூன்று வருடம் ஆகிவிட்டதாம். பெண்கள் வரக்கூடாது என்று தடுத்தும் கேட்காமல் சுடுகாடு வரை போய் நின்றவர் அக்கா. பத்தாம் நாள் பூவை எடுக்கச் சொந்தக்காரப் பெண்கள் கூடி வந்தபோது, நீங்கள் தொட வேண்டாம் என்று தானே எடுத்து வைத்திருக்கிறார். பிறகு வேலையில் சேர்ந்தார். வேலைக்கு வந்த முதல் நாள் ஸ்டேஷன் வாசலில் இரண்டு முழம் வாங்கிவிட்டார். படத்தையும் அவர் தலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று கேட்க எனக்கு ஏது தைரியம். கேட்டாலும் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்.

அச்சரப்பாக்கத்தில் இருக்கும் மாமியாருக்கு அது பெரிய அவமானம். அந்தத் தலையில் பூ இருக்கிற வரைக்கும் அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று உறவுக்காரர்கள் நடுவில் சொல்லிவிட்டார். ஒரே பிள்ளையின் ஒரே மகள் அது. எட்டு வயதுப் பேத்தியை அதன்பிறகு அவர் பார்க்கவே இல்லை. வேலை போனால் வாடகை கொடுக்க வழியில்லாமல் அக்கா மாமியார் வீட்டுக்குத்தான் போக வேண்டும், போனால் பூவும் போய்விடும். இந்த வேலையை அவர் எதற்காக அப்படிப் பிடித்துக்கொண்டு தொங்கினார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

முதல் அளவெடுப்பு நாளை மறக்க முடியாது. தூதன் செடியின் சாற்றை ஏற்றினேன். மலை காகிதத்தின் விளிம்பு வரை எழும்பியது. எல்லோரும் கை தட்டினோம். அடுத்து சும்மாச் செடி. அதற்கும் அதே உயரத்தில் மலை. கருவியைக் கழுவி மறுபடி ஏற்றினேன், அப்போதும் அதே. ஒன்றும் ஏற்றாத செடிக்கும் அதே சரக்கு என்றால், அக்கா பாடுபட்டு ஏற்றிய மரபணு ஒன்றுமே செய்யவில்லை என்று அர்த்தம். தட்டிய கைகளை எங்கே வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பணம் கொடுக்கும் குழு வருடக் கடைசியில் வரும், அதற்குள் வித்தியாசம் காட்டாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவோம் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். திட்டம் போனால் அக்காவின் வேலையும் போனதுதான்.

நடுவில் மகளுக்கு அம்மை போட்டு அக்கா லீவு போட்டார். அவர் இல்லாத நாட்களில் வளர்ந்த சும்மாச் செடிக்கு மலை எழும்பவே இல்லை. காகிதம் கட்டாந்தரையாக வந்தது. அவர் திரும்பி வந்தார், மலையும் திரும்பி வந்தது. டைரக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, அந்த அம்மா சாற்றில் எதையாவது கலக்கிறார்களா, கவனித்தாயா என்று மெல்லக் கேட்டார். அழாக்குறையாக அக்காவிடம் போய்ச் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால், அவர் கேட்டதில் என்ன தப்பு என்கிறார். நான் இல்லாதபோது சரியாக வருகிறது என்றால் நான்தானே என்னவோ செய்கிறேன் என்றார். மறுநாளிலிருந்து தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தார். சோப்பை மாற்றினார், பவுடரை நிறுத்தினார், தலைக்குத் தடவும் எண்ணெயை நிறுத்தினார். செடிப் பக்கம் போகும்போது மூக்கில் துணி கட்டிக்கொண்டார். பரட்டைத் தலையில் ஜாதிமல்லி மட்டும் ஜம்மென்று இருந்தது.

புழுவுக்குப் பதிலாகச் செடியை ஏமாற்ற எங்களிடம் ஒரு எண்ணெய் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த குட்டி பாட்டில். அதில் ஒரு சொட்டைப் பஞ்சில் தொட்டு மூடிய பெட்டிக்குள் வைத்தால் போதும், ஆவி பட்ட செடி தன்னைப் புழு தின்கிறது என்று நம்பிப் பட்டறையைத் தொடங்கிவிடும். ஆகவே அந்தப் பாட்டிலுக்குத் தீட்டு மாதிரிக் கட்டுப்பாடு. கட்டடத்தின் கடைசி அறையில் பூட்டிவைத்திருப்போம். திறந்தவர்கள் அன்று வளர்ப்பறைப் பக்கமே போகக்கூடாது. சட்டம் போட்டவர் அக்காதான்.

ஒரு சனிக்கிழமை மாலை, காலையிலிருந்து யாரும் திறக்காத வளர்ப்பறைக் கதவைப் பூ எடுப்பதற்காகத் திறந்த அக்கா அங்கேயே நின்றுவிட்டார். என்னைக் கூப்பிட்டார்.

“மோந்து பாரு. இது இன்னா வாசனை?”

ஜாதிமல்லி, வேறென்ன என்றேன்.

“பூட்டி வெச்சுகீறோமே, அந்த பாட்டிலு?”

அதுவும் மல்லிகை வாசனைதான், மல்லிகையிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள், அதன் ரசாயனப் பெயரிலேயே மல்லிகை இருக்கிறது என்று சொல்ல வந்தேன். பாதி சொன்னதும் எனக்கே உறைத்துவிட்டது. ஒரு சொட்டு ஆவி வந்துவிடக்கூடாது என்று அத்தனை கதவு பூட்டிய நாங்கள், அதே சரக்கை ஒரு முழம் தொடுத்து, செடிகளுக்கு நடுவில் ஆணியில் மாட்டி, மூடிய அறையில் நாள் முழுக்க மலரவிட்டிருக்கிறோம். படித்தவர்கள் இத்தனை பேர் இருந்தும் யாருக்கும் தோன்றவில்லை. பூ என்றால் பூ, ரசாயனம் என்றால் பாட்டில். வேறு எந்த நாட்டு ஆராய்ச்சிக்கூடத்திலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். “புழு வேற எங்கயும் இல்லடி. என் தலையிலதான் கீது” என்றார்.

திங்கட்கிழமையே சும்மாச் செடிகளை இரண்டு பெட்டிகளில் வைத்து, ஒன்றில் மட்டும் பூவைப் போட்டு மூடிப் பார்த்தார். பூ போட்ட பெட்டிச் செடிக்கு மட்டும் மலை வந்தது. ஏதோ வாயுக் கசிவு என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம் என்றார் டைரக்டர். இல்லை, என் பூ என்றே எழுதுவேன் என்றார் அக்கா. இன்னும் ஒரு தடவை செடி வைக்க அனுமதி கிடைத்தது. அதைச் சொல்லக் கூட்டிய கூட்டத்தில் டைரக்டர் சொன்ன வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

“பூ விஷயத்தை நானே சொல்லணும்னு இருந்தேன். நமக்கு எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன். இப்ப செடியே சொல்லிடுச்சு பாருங்க.”

எனக்குக் காது மடல் சுட்டது. அக்கா மட்டும் சாதாரணமாக இருந்தார். “செடிக்கு யார் தலைன்னு தெரியாது சார். சொன்னா எல்லாத் தலைக்கும் சேத்துச் சொல்லுங்க” என்றார். அப்படியே சட்டமாயிற்று. மறுநாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் எந்தப் பெண் தலையிலும் பூ கிடையாது. வீட்டில் வைத்தாலும் வாசனை முடியில் தங்கும் என்பதால் வீட்டிலும் கிடையாது.

என் வீட்டில் பூகம்பம். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வெறும் தலையோடு நான் கிளம்பியதைப் பார்த்து என் மாமியார், புருஷன் கல்லாட்டம் இருக்கும்போது இது என்ன கோலம் என்று வாசலில் வழிமறித்தார். செடிக்காக என்று சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை. அக்கா கதை நேர் எதிர். அதுவரை முகம் கொடுத்துப் பேசாத வீட்டுக்கார அம்மா குழம்பு கொடுத்தனுப்பினார். தெருவில் இருந்தவர்கள் நின்று நலம் விசாரித்தார்கள். செங்கல்பட்டுப் பூக்காரம்மா மட்டும்தான் நாலு நாள் பார்த்துவிட்டு, இன்னாம்மா கோவமா என்று கேட்டதாம். சாப்பிடும்போது அக்கா ஒருநாள் சொன்னார்: “தலையில ஒண்ணும் இல்லன்னா எவ்ளோ பேரு பாசமா கீறாங்க தெரியுமாடி.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சேதி அச்சரப்பாக்கம் வரை போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மாமியார் கையில் பையோடு வந்து இறங்கிவிட்டார். பையில் வேர்க்கடலையும் பேத்திக்குப் பாவாடையும். இரண்டு நாள் இருப்பதாக வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். பேத்திக்குத் தலை வாரினார், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவு திறந்தார், மருமகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்தார். மோர்சாதத்தையே பார்த்துப் பழகிய அக்காவின் டிபன் பாக்ஸில் வாழைக்காய் வறுவலெல்லாம் வர ஆரம்பித்தது. அக்காவின் முகம் தெளிந்தது. இதைவிட எனக்கு அதிர்ச்சி வேறில்லை. பூ இல்லாத இந்த மனுஷியை எனக்கும் பிடித்துப்போய்விடுமோ என்று பயமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுங்கள், செடிக்காகத்தான் என்று சொல்லிவிடுங்கள் என்று நச்சரித்தேன். யாரும் கேட்கவில்லையே என்றார்.

செடி வளர்ந்தது. அளவெடுத்தோம். தூதனுக்கு விளிம்பு வரை மலை, சும்மாச் செடிக்குக் கட்டாந்தரை. மரபணு வேலை செய்கிறது. குழு வந்து பார்த்துவிட்டுக் கை குலுக்கிவிட்டுப் போயிற்று. அக்காவின் வேலை நிலைத்தது. அன்று மாலை நாங்கள் எல்லோரும் கூட்டமாக ஸ்டேஷனுக்குப் போய்ப் பூ வாங்கினோம். அக்கா தன் பங்கைத் தலையில் வைத்துக்கொண்டு ரயிலேறினார். ஸ்வீட் பெட்டியோடு நானும் அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது மகள். அம்மாவின் தலையைப் பார்த்ததும் குழந்தை முகம் வெளுத்துவிட்டது. சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, எக்கி எக்கி அம்மாவின் பின்னலைப் பிடித்து இழுத்தது. “எடுத்துடும்மா. பாட்டி போயிடுவாங்க” என்றது அழுதுகொண்டே. அத்தனை பேருக்கும் அசையாத அந்த மனுஷி குனிந்து தலையைக் கொடுத்தார். குழந்தை பூவை உருவித் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. மாமியார் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வாசனை அவருக்கு எட்டாமலா இருக்கும். அக்கா நிமிர்ந்தார்.

“அத்தை, பூ வெச்சுகினுதான் வந்தேன். கொழந்த எடுத்துட்டா. இத்தினி நாளும் செடிக்காகத்தான் வெக்கல. உங்க பேச்சுக்காவ இல்ல.”

மாமியார் பேத்தியைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டார்.

“தெரியும்மா. நான் வந்த அன்னிக்கே புள்ள சொல்லிடுச்சு. நாலு பேரு முன்னாடி வாய வுட்டுட்டேன், எப்படி வர்றதுன்னு தெரியாம இருந்தேன். இது ஒரு சாக்கு. இருக்கறவரைக்கும் இருந்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பையில் துணி எடுத்துவைக்க ஆரம்பித்தார். கோபமே இல்லை, நேரமாகிவிட்டது என்பதுபோல மடித்து மடித்து வைத்தார். இருங்கள் என்று அக்கா சொன்னார், நானும் சொன்னேன். ஊரில் கேட்பார்களே என்றார். பஸ் நிறுத்தத்தில் பேத்தியின் கையை விட்டுவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: “மறுபடியும் எப்பம்மா செடி வெப்பீங்க?”

அக்கா பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை டைரக்டர் அறையில் குழுவின் பாராட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அக்கா எழுந்து, ஒரு தடவை வந்த முடிவை நம்பக்கூடாது, அதே கட்டுப்பாட்டோடு இன்னொரு தடவை செடி வைத்துப் பார்த்துவிடலாம் என்றார். இப்படி ஒரு கண்டிப்பான ஆளை நான் பார்த்ததே இல்லை என்று டைரக்டர் பூரித்துப்போனார். மற்ற பெண்கள் அக்காவை முறைத்தார்கள். நான் அவர் தலையைப் பார்த்தேன். காலையிலேயே வெறும் தலையோடுதான் வந்திருக்கிறார். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

மதியம் எஸ்.டி.டி. பூத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அச்சரப்பாக்கத்தில் மாமியார் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் உரக்கடைக்குப் போன் போட்டு, அவரைக் கூப்பிடச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். மறுமுனையில் குரல் வந்தது. அக்கா சொன்னார்.

“அத்தை, செடி வெச்சுட்டோம். பொறப்பட்டு வாங்க.”